டெம்போ டிராவலர் கேரவனில் சர்ஜ் புரொடெக்டரை நிரந்தர வயரிங்கில் சேர்ப்பது: எங்கே, எப்படி?

கூடல் கேரவன்:

17 சீட் டெம்போ டிராவலர் ஒன்றை கேரவனாக மாற்றும் வேலை மதுரையில் நடந்துகொண்டிருக்கிறது. 230 வோல்ட் வயரிங் இன்னும் மூடவில்லை, பேனல் திறந்துதான் இருக்கிறது. உள்ளே வருபவை: 1 டன் இன்வெர்ட்டர் ஏசி, 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர், 1800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, சின்ன பிரிட்ஜ், 12 வோல்ட் 200 ஏஎச் லித்தியம் பேட்டரி, அதற்கு ஒரு சார்ஜர், தனியாக 2000 வாட் இன்வெர்ட்டர்.

வெளிக் கரண்டு 25 மீட்டர் கேபிளில் வரும். நிறுத்தப்போகும் இடங்கள் லாட்ஜ், கல்யாண மண்டபம், அழகர்கோவில் அடிவாரத்திலும் வத்தலக்குண்டு பக்கமும் தெரிந்தவர்களின் தென்னந்தோப்பு. எங்கே என்ன வோல்டேஜ் வரும் என்று சொல்ல முடியாத இடங்கள்.

கேட்க வேண்டியவை: ஒவ்வொரு பிளக்கிலும் ஸ்பைக் பஸ்டர் போட்டால் போதுமா? அமெரிக்காவில் ஆர்வி (கேரவன்) வண்டிகளுக்குள் நிரந்தரமாக வயர் பண்ணும் சர்ஜ் புரொடெக்டர் (கண நேரம் எகிறும் வோல்டேஜை அடக்கும் கருவி) விற்கிறார்களே, அதை வரவழைக்கலாமா? இல்லை, இங்கே கிடைக்கும் எஸ்பிடி (பேனலில் மாட்டும் சர்ஜ் புரொடெக்டர்) போதும் என்றால் அதை எந்த இடத்தில், எத்தனை எம்எம் வயரில் போட வேண்டும்? எர்த் எங்கே கொடுப்பது? டயர் மேல் நிற்கிற வண்டிக்கு எர்த் என்பதே குழப்பமாக இருக்கிறது.


வயர்மேன் திருநகர்:

தம்பி, பேனல் திறந்திருக்கும்போதே கேட்டீங்க, நல்லது. மூடிட்டா எல்லாமே இரட்டை வேலை.

அமெரிக்கப் பெட்டி வேண்டாம். அங்க சப்ளை 120 வோல்ட். புரோகிரசிவ் இண்டஸ்ட்ரீஸோட இஎம்எஸ்-எச்டபிள்யூ30சி மாதிரி பெட்டி 104 வோல்ட்டுக்குக் கீழயும் 132 வோல்ட்டுக்கு மேலயும் கட் பண்ணிடும். 50 ஆம்பியர் மாடலும் நடுவுல நியூட்ரல் வச்ச ரெண்டு 120 வோல்ட் கால்தான். அதுக்குள்ள இருக்கிற வேரிஸ்டர் (வோல்டேஜ் எகிறினா மட்டும் கடத்தி அதை அடக்குற பாகம்) நம்ம 230-ல சூடாகிச் செத்துப்போகும். ஆனா அந்தப் பெட்டியோட யோசனை சரியானது: சர்ஜை அடக்குறது, வோல்டேஜ் கூடினாலும் குறைஞ்சாலும் கட் பண்றது, தப்பு வயரிங்கைக் காட்டிக்கொடுக்குறது, ஏசிக்காகக் கொஞ்சம் பொறுத்து ஆன் பண்றது. இந்த நாலையும் பேனலுக்குள்ள உலோகப் பட்டையில மாட்டுற நம்ம ஊர் டின் ரெயில் சாமான்லயே செய்யலாம். டவுன்ஹால் ரோடு பக்க எலக்ட்ரிக்கல் கடைகள்ல கேட்டுப் பாருங்க.

ஸ்பைக் பஸ்டர்ல இருக்கிறது சின்ன வேரிஸ்டர். அதுவும் ஏசி, கீசர் எல்லாம் தாண்டி கடைசியில இருக்கு. ஏசி போர்டை அது காப்பாத்தாது.

முதல்ல ஒண்ணைத் தெளிவா வச்சுக்கங்க. நம்ம பக்கம் சாமானைக் கொல்றது பெரும்பாலும் இடி இல்லை, நியூட்ரல் விட்டுப்போறதுதான். மண்டபமோ லாட்ஜோ 3 பேஸ் சர்வீஸா இருக்கும். போஸ்ட்லயோ மெயின் போர்டுலயோ நியூட்ரல் ஜாயின்ட் லூஸாச்சுன்னா ரெண்டு பேஸுக்கு நடுவுல இருக்கிற லோடுகள் 400 வோல்ட்டைத் தங்களுக்குள்ள பங்கு போட்டுக்கும். உங்க வண்டி 1000 வாட், அடுத்த பேஸ்ல மண்டபம் 3000 வாட் ஓடுதுன்னு வைங்க. உங்க பக்கம் 53 ஓம், அவங்க பக்கம் 17.6 ஓம். கணக்குப் போட்டா உங்க வண்டிக்கு 300 வோல்ட் வரும். லோடு கம்மியா இருக்கிறவனுக்குத்தான் அடி. எஸ்பிடி இதைத் தடுக்கவே தடுக்காது. சர்ஜ்ங்கிறது மைக்ரோ விநாடிக் கணக்கு, இது நிமிஷக் கணக்கு. அதனால எஸ்பிடி ஒரு வேலை, ஓவர்–அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர் ஒரு வேலை, கசிவு கரண்டைப் பார்த்துக் கட் பண்ற ஆர்சிசிபி ஒரு வேலை. ஒண்ணு இருக்குன்னு இன்னொண்ணை விட்டுடாதீங்க.

இப்ப வரிசை. வண்டி வெளிப்பக்கம் நீல நிற 3 பின் இண்டஸ்ட்ரியல் இன்லெட், 16 ஆம்பியர், மூடியோட, தண்ணி தெறிச்சாலும் தாங்குற ஐபி44. டீசல் மூடிக்கும் சைலன்சருக்கும் எதிர்ப்பக்கம், தரையிலேர்ந்து 1.8 மீட்டருக்கு மேல போகாம. இன்லெட்லேர்ந்து டிபி பாக்ஸுக்கு (எம்சிபி எல்லாம் மாட்டுற பேனல்) எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட. பாக்ஸுக்குள்ள வந்ததும் முதல் டெர்மினல்லயே ரெண்டா பிரியுது. ஒரு கிளை ஃபியூஸ் வழியா எஸ்பிடிக்கு. இன்னொரு கிளை 16 ஆம்பியர் சி கர்வ் டபுள் போல் எம்சிபிக்கு. அங்கேர்ந்து வோல்டேஜ் புரொடெக்டர், அடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அப்புறம் ஒவ்வொரு லோடுக்கும் தனி எம்சிபி. கிளை எம்சிபியும் பேஸ், நியூட்ரல் ரெண்டையும் கட் பண்றதா இருக்கணும். ஊர்ல பாதி பிளக்ல பேஸும் நியூட்ரலும் மாறிக் கிடக்கு. சிங்கிள் போல் எம்சிபி நியூட்ரலை மட்டும் வெட்டிட்டு பேஸை உள்ள விட்டு வச்சிருக்கும்.

எஸ்பிடி டைப் 2 வாங்குங்க. ஐஇசி 61643-11 முத்திரை பாருங்க. நாமினல் 20 கிலோ ஆம்பியர், மேக்ஸிமம் 40 கிலோ ஆம்பியர், அப் அளவு (சர்ஜ் நேரத்துல அது உள்ள விடுற வோல்டேஜ்) 1.5 கிலோவோல்ட் அல்லது அதுக்குக் கீழ. யூசி (அது தொடர்ந்து தாங்குற வோல்டேஜ்) 275 வேண்டாம், 320 வோல்ட் வாங்குங்க. ராத்திரி பம்ப்செட் எல்லாம் நின்னதும் லைன் கடைசியில வோல்டேஜ் ஏறும். 275-க்குப் பக்கத்துலயே தினமும் ஓடினா வேரிஸ்டர் சீக்கிரம் கிழடாகும். கார்ட்ரிட்ஜ் கழற்றி மாட்டுறது, பச்சை–சிவப்பு ஜன்னல் வச்சது. ஃபியூஸ் 32 ஆம்பியர் ஜிஜி (பொது உபயோக வகை), 10க்கு 38 எம்எம் ஹோல்டர்ல. எஸ்பிடி கம்பெனி தாள்ல எம்சிபி போடலாம்னு இருந்தா அதையும் போடலாம். ஆனா எம்சிபிக்குள்ள இருக்கிற காயிலும் சர்ஜ் நேரத்துல தனியா வோல்டேஜ் காட்டும், அதனால ஃபியூஸ்தான் என் தேர்வு.

எல்லாரும் கோட்டை விடுற இடம் வயர் நீளம். 1 மீட்டர் வயருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி. 10 கிலோ ஆம்பியர் 8 மைக்ரோ விநாடியில ஏறும்போது அந்த ஒரு மீட்டர்ல மட்டும் 1250 வோல்ட் நிக்கும். எஸ்பிடி 1.5 கிலோவோல்ட்ல பிடிச்சாலும் வயரோட சேர்த்து 2.75 கிலோவோல்ட் உள்ள போயிடும். சாதாரண வீட்டுச் சாமான் தாங்குறது 2.5 கிலோவோல்ட், எலக்ட்ரானிக்ஸ் அதுக்கும் கீழ. எஸ்பிடிக்குப் போற வயரும் அதுலேர்ந்து எர்த் பாருக்குப் போற வயரும் சேர்ந்து அரை மீட்டரைத் தாண்டக் கூடாது. எர்த் பாரை எஸ்பிடிக்கு நேர் கீழ வைங்க. அழகுக்காக டிரங்கிங்ல சுத்திக் கொண்டு போகாதீங்க, சுருள் போடாதீங்க. எஸ்பிடி எர்த் வயர் 6 சதுர எம்எம் காப்பர்.

புரொடெக்டர் செட்டிங்: மேல 265, கீழ 180, திரும்ப ஆன் ஆக 180 விநாடி. கீழ் கட்டுக்கு 2, 3 விநாடி பொறுமை குடுங்க, இல்லைன்னா பிரிட்ஜ் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் கட் ஆகும். மேல் கட்டுக்குப் பொறுமையே வேண்டாம், எவ்வளவு குறைவா வைக்க முடியுமோ அவ்வளவு. வாங்கும்போது ரெண்டு விஷயம் பாருங்க: 400 வோல்ட் தொடர்ந்து வந்தாலும் அதோட சொந்த போர்டு தாங்கும்னு தாள்ல இருக்கணும்; பேஸ், நியூட்ரல் ரெண்டையும் கட் பண்ணணும்.

எர்த் குழப்பத்துக்கு வரேன். வண்டிக்குள்ள எஸ்பிடி செய்யற வேலை சர்ஜை மண்ணுக்கு அனுப்புறது மட்டும் இல்லை. பேஸ், நியூட்ரல், எர்த், சேசிஸ் நாலையும் அந்தக் கணத்துல ஒரே மட்டத்துல தூக்கி நிறுத்துது. மொத்த வண்டியும் சேர்ந்து ஏறி இறங்கினா உள்ள இருக்கிற சாமானுக்குத் தெரியாது. வித்தியாசம்தான் சுடுது. அதனால எர்த் பார்லேர்ந்து சேசிஸுக்கு ஒரு பாண்டிங் (இணைப்பு வயர்) கட்டாயம்: குறைஞ்சது 4 சதுர எம்எம் ஃபிளெக்சிபிள் காப்பர், நான் 6 போடச் சொல்வேன். சேசிஸ்ல பெயின்ட் சுரண்டி, எம்8 போல்ட், கிரிம்ப் பண்ணின லக், ஸ்டார் வாஷர், மேல கிரீஸ். கூரையில டிடிஎச் டிஷ் இருந்தா அந்தக் கோஆக்சியல் ஷீல்டும் உள்ள நுழையற இடத்துலயே இதே எர்த்துக்கு வரணும், இல்லைன்னா அது வழியா வர்ற சர்ஜ் டிவியைத் தாண்டி பிளக்குக்குப் போகும்.

வெளிக் கேபிள் 3 கோர் 2.5 சதுர எம்எம் ஃபிளெக்சிபிள் காப்பர். 25 மீட்டர்னா போக வர 50 மீட்டர், 0.4 ஓம். 15 ஆம்பியருக்கு 6 வோல்ட் போகும், பரவாயில்லை. 1.5-ல போட்டா 10 வோல்ட் போகும், கேபிளும் சுடும். டிரம்ல சுத்தியபடியே கீசர் ஓட்டாதீங்க. நடுச்சுத்து வெப்பம் வெளிய போக வழியில்லாம இன்சுலேஷன் உருகி ஒட்டிக்கும்.

கீசர் மட்டும் 13 ஆம்பியர். அதோட இண்டக்‌ஷன் 8. ரெண்டும் சேர்ந்தா 16-ஐத் தாண்டும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்க, ஒரு நேரத்துக்கு ஒண்ணு. ஏசி ஓடும்போது கீசரும் வேண்டாம், ரெண்டும் சேர்ந்தா எம்சிபியோட விளிம்புல நிக்கும்.


மின்னியல் 415:

திருநகர் அண்ணன் சொன்னதில் பெரும்பகுதி சரி. இரண்டு இடங்களில் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, எஸ்பிடியை வோல்டேஜ் புரொடெக்டருக்கு முன்னால் போடுவது பற்றி. பலர் மாற்றிப் போடுகிறார்கள். நியூட்ரல் அறுந்து 400 வோல்ட் வரும்போது எஸ்பிடியைப் புரொடெக்டர் காப்பாற்றட்டும் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் உண்மை உண்டு, யூசி 320 உள்ள வேரிஸ்டர் 400 வோல்ட்டில் சில நிமிடம்கூடத் தாங்காது. ஆனால் எஸ்பிடி பின்னால் போனால் சர்ஜ் முதலில் சந்திப்பது புரொடெக்டரின் ரிலேயையும் அதன் சிறிய பவர் சப்ளையையும்தான். அந்த ரிலே ஒட்டிக்கொண்டால் பாதுகாப்பு போனதே தெரியாது; எண் காட்டிக்கொண்டே இருக்கும். எஸ்பிடி கார்ட்ரிட்ஜ் செத்தால் ஜன்னல் சிவப்பாகும், உள்ளே இருக்கும் தெர்மல் டிஸ்கனெக்டர் அதைப் பிரித்துவிடும், பத்து விநாடியில் புதிதை மாட்டலாம். எனவே முன்னால் போடுவதே சரி. கார்ட்ரிட்ஜ் ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

இரண்டாவது, எந்த இணைப்பு முறை என்பதை அண்ணன் சொல்லவில்லை. இங்கே பெரும்பாலான கட்டிடங்களில் மின்வாரியம் பேஸும் நியூட்ரலும் தருகிறது, எர்த் கட்டிடக்காரர் தோண்டிய குழி. அந்த அமைப்புக்கு, ஆர்சிசிபிக்கு முன்னால் வரும் எஸ்பிடி 1+1 வகையாக இருக்க வேண்டும்: பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வேரிஸ்டர், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் கேஸ் டிஸ்சார்ஜ் டியூப் (வோல்டேஜ் எகிறினால் மட்டும் பற்றிக்கொண்டு கடத்தும் வாயுக் குழாய்). இரண்டு வேரிஸ்டரையும் நேராக எர்த்துக்குக் கட்டும் 2+0 வகையில் ஒரு வேரிஸ்டர் பழுதாகிக் கசிய ஆரம்பித்தால், அந்தக் கரண்டு எர்த் வழியே சேசிஸில் ஏறி நிற்கும், அதைக் கவனிக்க முன்னால் ஆர்சிசிபி இல்லை.

ஆனால் 1+1-க்கு ஒரு பலவீனம். பேஸும் நியூட்ரலும் மாறி வந்தால் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் அந்த டியூப் மட்டும் இருக்கும். சர்ஜ் வந்து அது ஒரு தடவை பற்றிக்கொண்டால் 230 வோல்ட் தொடர்ந்து கரண்டைத் தள்ளும். அந்த டியூப் அணைக்கக்கூடிய தொடர் கரண்டு பொதுவாக 100 ஆம்பியர் அளவுதான். எர்த் நன்றாக உள்ள இடத்தில் அதற்கு மேல் வரலாம். ஆகவே போலாரிட்டி (பேஸும் நியூட்ரலும் மாறாமல் வருகிறதா என்பதை) சோதிக்காமல் மெயின் போடக் கூடாது. இன்லெட்டுக்கும் எம்சிபிக்கும் நடுவில் பேனல் முகத்தில் மூன்று இண்டிகேட்டர் வைத்துவிடுங்கள்: பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த். முதல் இரண்டு எரிந்து மூன்றாவது அணைந்திருந்தால் சரி. மூன்றாவது எரிந்தால் மாறி வந்திருக்கிறது, அல்லது நியூட்ரல் கோளாறு.

மாறியிருந்தால் பிளக்கைத் திருத்தச் சொல்லலாம், லாட்ஜில் அது நடக்காது. அதற்கென்றே அரை மீட்டர் நீளத்தில் பேஸும் நியூட்ரலும் மாற்றிக் கட்டிய குட்டி அடாப்டர் ஒன்று செய்து, சிவப்பு டேப் சுற்றி, தனிப் பெட்டியில் வையுங்கள். சாதாரண அடாப்டரோடு அது கலந்துவிட்டால் சரியான பிளக்கையும் தப்பாக்கிவிடும்.

இண்டிகேட்டரால் பிடிக்க முடியாத ஒரு தப்பு இங்கே சாதாரணமாக இருக்கிறது: எர்த் இழுக்கச் சோம்பல்பட்டு பிளக்கிலேயே நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு வயரால் லூப் போட்டுவிடுவது. விளக்கு மூன்றும் சரியாகக் காட்டும். அந்த நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், வண்டிக்குள் ஆன் ஆகியிருக்கும் லோடு வழியாக பேஸ் திரும்பி எர்த் பின்னுக்கு வந்து, முழு பாடியும் 230 வோல்ட் ஆகும். கதவுப் பிடியைத் தரையில் நின்று தொடுபவருக்கு அது உயிர்ப் பிரச்சினை, உங்கள் ஆர்சிசிபியும் காப்பாற்றாது, ஏனென்றால் கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது. கண்டுபிடிக்க ஒரு வழி: மெயினைப் போட்டு கீசரை ஓடவிட்டு, அந்தப் பிளக்கிலேயே நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வோல்டேஜ் பாருங்கள். தனி எர்த் என்றால் லோடு ஏறும்போது ஓரிரு வோல்ட் நகரும். லோடு ஏறினாலும் இறங்கினாலும் அசையாமல் 0.0 என்றே நின்றால் சந்தேகப்பட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கழற்ற விடாவிட்டால் அந்த இடத்தில் இணைக்காதீர்கள். பேட்டரியில் இரவைக் கழிக்கலாம்.

ஆர்சிசிபி வாங்கும்போது ஏசி டைப் வேண்டாம், ஏ டைப் வாங்குங்கள் (இவை ஆர்சிசிபியின் வகைப் பெயர்கள், இந்த ஏசி குளிர்சாதனம் இல்லை). இன்வெர்ட்டர் ஏசி, இண்டக்‌ஷன், பேட்டரி சார்ஜர் மூன்றிலும் கரண்டை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் இருக்கிறது. கசிவில் டிசி கலந்தால் ஏசி டைப் மந்தமாகிவிடும்.


கூடல் கேரவன்:

இருவருக்கும் நன்றி. எஸ்பிடியைப் பேனலின் மேல் வரிசையில் வைத்து எர்த் பாரை அடிவரிசையில் வைத்திருந்தேன், அதை மாற்றிவிட்டேன். இப்போது மொத்த வயர் 35 செ.மீ.

இன்னும் இரண்டு சந்தேகம். 2000 வாட் இன்வெர்ட்டர் எங்கே சேரும்? அது ஓடும்போது நியூட்ரலும் எர்த்தும் எப்படி? அடுத்தது தோப்பு. அங்கே எர்த் பின்னே இல்லாத பழைய பிளக்தான் இருக்கிறது. வண்டிக்குத் தனியாக எர்த் ராடு அடித்துக்கொண்டால் போதுமா?


வயர்மேன் திருநகர்:

இன்வெர்ட்டர் சேர வேண்டிய இடம் வோல்டேஜ் புரொடெக்டருக்கு அப்புறம், ஆர்சிசிபிக்கு முன்னாடி. அங்க ஒரு டபுள் போல் சேஞ்ச் ஓவர் வைங்க, 1–0–2. ஒண்ணுல வெளிக் கரண்டு, ரெண்டுல இன்வெர்ட்டர், நடுவுல ஆஃப். பேஸ், நியூட்ரல் ரெண்டும் சேர்ந்து மாறணும். நியூட்ரலைப் பொதுவா விட்டுட்டா இன்வெர்ட்டர் அவுட்புட்டும் மின்வாரிய நியூட்ரலும் முட்டும்.

இன்வெர்ட்டர் தனியா ஓடும்போது அதோட ரெண்டு வயரும் எர்த்தோட ஒட்டாம மிதக்கும். அப்ப கசிவு கரண்டு திரும்பி வர வழியில்லை, ஆர்சிசிபி வேலை செய்யாது. டெஸ்ட் பட்டன் அமுக்கினா தட்டும், ஏன்னா அது உள்ளேயே ரெசிஸ்டர் வழியா சுத்துது. அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. இன்வெர்ட்டரோட அவுட்புட் டெர்மினல்லயே, சேஞ்ச் ஓவருக்கு முன்னாடி, நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு 4 எம்எம் வயரால சேர்த்துடுங்க. வெளிக் கரண்டு நிலையில சேஞ்ச் ஓவர் ரெண்டு போலையும் பிரிச்சிடறதால அந்த லூப் வெளிக் கரண்டோட சேராது. வெளிக் கரண்டு பக்கம் வண்டிக்குள்ள எங்கயும் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கக் கூடாது, ஞாபகம்.

செய்யறதுக்கு முன்னாடி இன்வெர்ட்டர் புத்தகத்தைப் பாருங்க. சில மாடல்ல ரெண்டு வயரும் எர்த்துக்கு 115, 115 காட்டும். அதுல லூப் போட்டா இன்வெர்ட்டருக்குள்ள இருக்கிற டிரான்சிஸ்டர் போயிடும். சிலதுல அந்த பாண்டிங் உள்ளேயே ரிலேவோட வந்திருக்கும். பெட்ரோல் ஜெனரேட்டர் சேர்த்தாலும் இதே கதைதான்.

பேட்டரி சார்ஜரை இன்வெர்ட்டர் வழியா ஓடவிடாதீங்க. சேஞ்ச் ஓவருக்கு முன்னாடி, தனி டபுள் போல் எம்சிபியும் தனி ஆர்சிசிபியும் போட்டு எடுங்க. இல்லைன்னா பேட்டரி தன்னைத்தானே சார்ஜ் பண்ணப் பார்த்து ராத்திரியில தீர்ந்துபோகும்.

தோப்பு விஷயம். எர்த் ராடு நல்லதுதான், ஆனா அது என்ன செய்யும், என்ன செய்யாதுன்னு தெரிஞ்சு அடிங்க. அழகர்கோவில் அடிவாரத்துல கொஞ்சம் தோண்டினாலே பாறை. கோடையில காஞ்ச செம்மண்ணுல 1 மீட்டர் ராடு 100 ஓம் காட்டினா அதிசயம் இல்லை. 230 வோல்ட்டை 100-ஆல வகுத்தா 2.3 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி அதுக்கு அசையவே அசையாது, பாடி கரண்டோட நிக்கும். ஆனா 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிக்கு 2.3 ஆம்பியர் எழுபது மடங்குக்கு மேல, உடனே தட்டும். அதனால ராடும் ஆர்சிசிபியும் சேர்ந்தாத்தான் பாதுகாப்பு. எர்த் பின் இல்லாத இடத்துல ஆர்சிசிபியை வண்டிக்குள்ள மட்டும் வைக்காம, கேபிள் ஆரம்பிக்கிற முனையிலேயே ஒரு போர்ட்டபிள் பெட்டியில 16 ஆம்பியர் எம்சிபியும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போட்டு எடுத்துட்டுப் போங்க. அப்பத்தான் 25 மீட்டர் கேபிளும், வண்டியோட எஸ்பிடியும் அதோட காவலுக்குள்ள வரும். வாழைக்கோ தென்னைக்கோ தண்ணி பாயற வாய்க்கால் ஓரமா ராடு அடிச்சா ஈரம் நிக்கும், ஓம் இறங்கும்.

இன்னொண்ணு, இதைச் சொல்லியே ஆகணும். தோப்புல இருக்கிறது இலவச விவசாய சர்வீஸ்னா அதுலேர்ந்து வண்டிக்கு எடுக்காதீங்க. அந்த மின்சாரம் பம்ப்செட்டுக்குக் குடுத்தது. வேற வேலைக்கு எடுத்தா 2003 மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவுல வரும், அபராதம் தோப்புக்காரர் தலையில விழும். வீட்டு சர்வீஸ் இருக்கிற களத்து வீடா பாருங்க.


மேலூர் பாடி வயரிங்:

மின்சார விஷயத்தை ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க. வண்டிங்கிறதால வர்ற சிக்கலை நான் சொல்றேன். வீட்டு டிபி பாக்ஸ் அசையாது. இது தினமும் அதிரும்.

சிங்கிள் கம்பி வீட்டு வயர் வேண்டவே வேண்டாம். வளைஞ்ச இடத்துல அதிர்ந்து அதிர்ந்து உள்ளேயே ஒடிஞ்சு, இன்சுலேஷன் மட்டும் பிடிச்சு நிக்கும். எல்லாம் பல இழை ஃபிளெக்சிபிள். முனையில பின் லக் போட்டு சரியான கிரிம்பிங் டூலால அமுக்குங்க. ஈயம் வச்சுப் பத்தவைக்காதீங்க. ஈயம் ஸ்குரூ அழுத்தத்துல மெதுவா நசுங்கி இடம் கொடுக்கும், ஆறு மாசத்துல லூஸாகி கருகும். பெரும்பாலான எம்சிபி, ஆர்சிசிபி டெர்மினல் 2 முதல் 2.5 நியூட்டன் மீட்டர் கேட்கும், பக்கவாட்டுல அச்சடிச்சிருக்கும். டார்க் ஸ்குரூ டிரைவர் இருந்தா நல்லது. முதல் 500 கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை, அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எல்லாத்தையும் திரும்ப இறுக்குங்க. நத்தம், சிறுமலை ரோடு ஏறி இறங்கினா அதுக்கு முன்னாடியே.

டின் ரெயில் சாமான் ரெண்டு முனையிலயும் எண்ட் ஸ்டாப்பர் போடுங்க. குலுங்கினா வரிசையே நகரும், நகர்ந்தா எம்சிபிகளை ஒண்ணா இணைக்கிற காம்ப் பார் இழுபடும். எஸ்பிடி கார்ட்ரிட்ஜ் மேல் நோக்கிக் கழண்டு வர்ற மாடல்னா பூட்டு கிளிப் இருக்கான்னு பாருங்க. மொத்தம் எத்தனை மாட்யூல் வருதுன்னு எண்ணிப் பார்த்து, அதுக்கு மேலயும் இடம் இருக்கிற பாக்ஸா வாங்கினா விரல் நுழையும்.

பாக்ஸ் வைக்கிற இடம்: கேஸ் சிலிண்டர் அறைக்குள்ள வேண்டாம், பேட்டரிக்கு மேல வேண்டாம், குளியல் பக்கச் சுவர்லயும் வேண்டாம். மதுரை வெயில்ல மூடி நிறுத்தின வண்டிக்குள்ள கூரையை ஒட்டி வெப்பம் எகிறும், எம்சிபி அதனால முன்கூட்டியே தட்டும். இடுப்பு உயரத்துல, காத்து நடமாடுற ஷெல்ஃப் ஓரம் போதும். தகடு துளைக்கிற ஒவ்வொரு இடத்துலயும் ரப்பர் குரோமெட், அதுக்கப்புறம் ஃபிளெக்சிபிள் கான்டியூட். குரோமெட் இல்லாத துளையில தகடு விளிம்பு கத்தி மாதிரி இன்சுலேஷனை அறுக்கும். 12 வோல்ட் வயரும் 230 வயரும் ஒரே குழாய்ல போகக் கூடாது.

மூடுறதுக்கு முன்னாடி சோதனை. வெளிக் கரண்டு இல்லாம, எர்த் பின்லேர்ந்து சேசிஸ், சிங்க், கீசர் உடம்பு, ஏசி வெளி யூனிட் வரைக்கும் மல்டிமீட்டர்ல கன்டினியூட்டி. லீட் ஓமைக் கழிச்சா எல்லாமே அரை ஓமுக்குக் கீழ வரணும். அடுத்து 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்). அதுக்கு முன்னாடி எஸ்பிடி கார்ட்ரிட்ஜைக் கழற்றிடுங்க, வோல்டேஜ் புரொடெக்டர், சார்ஜர், ஏசி, இண்டக்‌ஷன், இன்வெர்ட்டர் எல்லாத்தையும் பிரிச்சிடுங்க, இன்வெர்ட்டர் பக்க நியூட்ரல்–எர்த் லூப்பும்தான். கார்ட்ரிட்ஜோட மெக்கர் போட்டா வேரிஸ்டர் கடத்தி, வயரிங்கே கெட்டுப்போன மாதிரி காட்டும். நல்லா இருக்கிற வயரைப் பிரிச்சு மேயறது பெரும்பாலும் இதனாலதான்.

கடைசியா புரொடெக்டர். டயல்ல 265-னு வச்சுட்டா அது 265-ல கட் ஆகும்னு நம்பிடாதீங்க. வோல்டேஜை 270 வரைக்கும் ஏத்தி இறக்குற டிம்மர்ஸ்டாட் ஒண்ணை வாங்கி, லோடா ஒரு 60 வாட் பல்பை மட்டும் வச்சு, எஸ்பிடி கார்ட்ரிட்ஜ் கழற்றின நிலையில மெதுவா ஏத்தி எங்க கட் ஆகுதுன்னு குறிச்சுக்கங்க. அப்புறம் இறக்கிப் பாருங்க. திரும்ப ஆன் ஆகுற நேரத்தைக் கடிகாரத்துல பாருங்க. அந்த எண்களை மார்க்கர்ல பேனல் கதவு உள்பக்கம் எழுதி வச்சா அடுத்து திறக்கிறவருக்கு உதவும்.


கூடல் கேரவன்:

மெக்கர் விஷயம் நல்ல வேளையாகத் தெரிந்தது, நாளைக்கே அதைச் செய்வதாக இருந்தேன். ஒரு கேள்வி மட்டும் மிச்சம். சித்திரை, வைகாசியில் சாயங்கால இடிமழை வரும்போது இந்த அமைப்பை நம்பி பிளக்கிலேயே விட்டுவைக்கலாமா?


மின்னியல் 415:

வேண்டாம். டைப் 2 எஸ்பிடி தூரத்தில் லைன் மேல் விழுந்த இடியின் மிச்சத்துக்கும், டிரான்ஸ்ஃபார்மர் சுவிட்சிங்கால் வருவதற்கும் போதுமானது. பக்கத்துக் கம்பத்தில் நேராக விழுவதற்கு அது ஈடாகாது. கோடை இடிமழையிலும் ஐப்பசி மழையிலும் மேகம் கறுத்ததும் கழற்றிவிடுங்கள். இடி முழங்க ஆரம்பித்த பிறகு வெளியே போய்க் கேபிளைத் தொடாதீர்கள். மறந்துவிட்டிருந்தால் மெயின் எம்சிபியை உள்ளிருந்தே இறக்கிவிட்டு வண்டிக்குள்ளேயே இருங்கள். தகரப் பாடி மூடிய வண்டி உள்ளே இருப்பவருக்குக் காப்பு. ஒரு கால் தரையிலும் ஒரு கை கதவிலும் இருக்கும் நிலைதான் ஆபத்து.

கழற்றும் வரிசை: ஏசி, கீசர் ஆஃப், மெயின் எம்சிபி ஆஃப், கட்டிடப் பக்கப் பிளக்கை முதலில் பிடுங்கி, அதன் பிறகே வண்டி இன்லெட். மாட்டும்போது இதன் தலைகீழ்: எம்சிபி ஆஃப் நிலையில் வண்டிப் பக்கம் முதலில், அடுத்து கட்டிடப் பக்கம், மூன்று இண்டிகேட்டரையும் பார்த்து, எஸ்பிடி ஜன்னல் பச்சையா என்று பார்த்து, பிறகு மெயின். இடிமழை கழிந்த மறுநாள் அந்த ஜன்னலைத் தவறாமல் பாருங்கள். நியூட்ரல்–எர்த் டியூப்புக்குச் சில மாடல்களில் ஜன்னலே கிடையாது, அப்படிப்பட்டதாக இருந்தால் பேஸ் பக்கக் கார்ட்ரிட்ஜ் சிவப்பாகும்போது அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.